சீமெந்து முற்றத்தின் மேல் ஒரு பலகைத் தளம்

வலிகாமத்திலும் வன்னியிலும் மூதூரிலும் தோட்டமும் வயலும் செய்து வாழ்ந்த குடும்பங்கள் பல இன்று கொழும்பிலே, குறிப்பாகக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், வாடகை வீடுகளில் இருக்கின்றன. 1983இன் பின் வந்தவர்கள் உளர். 1990இலும், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாம மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேறிய பின்னரும் வந்தவர்கள் உளர். 2009இன் பின் வந்தவர்களும் உளர். காணி விடுபட்டதும் ஊர் திரும்பியோர் சிலர். பிள்ளைகளின் படிப்பு, தொழில், இன்னும் கைக்கு வராத காணி ஆகிய காரணங்களால் இங்கேயே தங்கிவிட்டோர் பலர்.

இக்குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போது நாம் அடிக்கடி காண்பது வீட்டின் பின்பக்கத்துச் சீமெந்து முற்றத்தை. உடுப்புக் காயப்போடவும், மரக்கறி வெட்டவும், பிள்ளைகள் விளையாடவும், முதியோர் காற்று வாங்கவும் உள்ள ஒரே வெளி அதுதான். மழை பெய்தால் அங்கே நீர் தேங்குகிறது; பாசி பிடிக்கிறது. ஊரில் பத்துப் பரப்புக் காணியில் நடமாடிய அப்பு ஒருவர், வழுக்கி விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அறைக்குள் கட்டிலோடு இருந்துவிடுகிறார். இதைச் சிறிய விடயமாக நாம் எண்ணக் கூடாது. முதிர்ந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் திரும்ப எழுந்து முன்போல நடப்போர் குறைவு.

இந்த முற்றத்தின் மேல், நிலத்தை உடைக்காமல், ஓர் ஆணி தானும் நிலத்தில் அடிக்காமல், தாழ்வான பலகைத் தளம் ஒன்றை அமைப்பது எவ்வாறு என்பதை இங்கே விளக்குகின்றோம்.

இன்னொரு சீமெந்துத் தட்டு ஏன் வேண்டாம்?

நீர் தேங்கும் முற்றத்தைக் கண்டதும் பலருக்கும் வரும் யோசனை, மேசனைப் பிடித்து மேலே இன்னும் இரண்டு அங்குலம் சீமெந்து போடுவோம் என்பதே. அவசரப்பட வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வருடத்தில் பெய்யும் மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். கொழும்பிலோ ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். ஊரில் குறைந்த மழையை மண் குடித்துக் கிணற்றுக்குக் கொடுத்தது. இங்கே இரு மடங்கு மழையைக் குடிக்க மண் இல்லை. 8 அடிக்கு 12 அடி முற்றத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 225 லீற்றர் நீர் சேரும். இது பெரிய பீப்பாய் ஒன்றுக்கு மேல். அவ்வளவும் கானுக்குப் போக வேண்டும். சீமெந்தை உயர்த்தினால் நிலம் வாசற்படிக்குக் கிட்ட வந்துவிடும். முன்பு கானுக்குப் போன நீர் குசினிக்குள் வரலாம். சுவரிலும் ஈரம் ஏறும்.

இரண்டாவது காரணம் பணம். போட்ட சீமெந்து வீட்டுக்காரருக்கே சொந்தம். வீடு மாறும் நாளில் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. துண்டு துண்டாகச் செய்த பலகைத் தளத்தை லொறியில் ஏற்றி அடுத்த வீட்டுக்கும், ஒருநாள் ஊருக்கும், கொண்டு போகலாம். இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று பணத்தைப் பிறர் நிலத்தில் புதைப்பதிலும் பார்க்கத் தூக்கிச் செல்லக்கூடிய பொருளில் இடுவதே புத்தி.

இந்த முறை நமக்குப் புதியதல்ல. நெல் மூட்டையை நாம் வெறுந்தரையில் அடுக்குவதில்லை. கீழே தடியோ பலகையோ வைத்துக் காற்றுப் போக விடுகிறோம். வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் காற்றில் தொங்கவிடுகிறோம். ஆட்டுக்குப் பரண் கட்டி, எச்சமும் நீரும் கீழே விழ இடைவெளி விடுகிறோம். ஈரம் கீழே போகவும் காற்று ஊடே வரவும் வழி விட்டால் மேலே உள்ளது கெடாது. பலகைத் தளமும் அதே முறைதான்.

முதலில் வீட்டுக்காரருடன் பேசுங்கள்

நிலத்தில் துளை இடமாட்டோம், சுவரில் பொருத்தமாட்டோம், போகும்போது எடுத்துச் செல்வோம் என்பதை வீட்டுக்காரருக்கு விளக்கிச் சொல்லுங்கள். வாய்ப் பேச்சோடு விடாமல், பலகைத் தளம் வாடகைக்கு இருப்போரின் பொருள் என்று ஒரு தாளில் எழுதி இரு பகுதியாரும் கையொப்பம் இட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளையும் அதில் குறியுங்கள். வீட்டை விடும் நாளில் முற்பணத்தைத் திரும்பப் பெறும்போது இந்தத் தாள் உதவும்.

நிலத்தைச் சோதித்தல்

முற்றத்தை நன்றாகக் கூட்டிக் கழுவுங்கள். வீட்டுச் சுவர் பக்கமாக நின்று நாலைந்து வாளி நீரை ஊற்றிவிட்டு, அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். வயலுக்கு நீர் பாய்ச்சியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரை மணித்தியாலம் கழித்து, நீர் எஞ்சி நிற்கும் பள்ளங்களைக் கரித்துண்டால் வட்டமிடுங்கள். அவற்றை ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல் கொண்ட கலவையால் நிரப்புங்கள். பழைய சீமெந்தைக் கொத்திச் சுரண்டி, நனைத்த பின்னரே பூச வேண்டும். இல்லாவிட்டால் புதியது கழன்றுவிடும்.

நீர் கானை விட்டு வீட்டுப் பக்கம் ஓடுமானால் பலகை வேலையைத் தொடங்க வேண்டாம். அந்தச் சரிவைத் திருத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. நீர் தேங்குவதைப் பலகையால் மூடி மறைத்தால் வருத்தத்தை வளர்ப்பதாகவே முடியும்.

கான் வாய், மான்ஹோல் மூடி, நீர்க்குழாய் வால்வு ஆகியவை இருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரின் அடியிலும் வெடிப்புகளிலும் கறையான் மண்கோடு உண்டா என்றும் பாருங்கள். இருந்தால் முதலில் அதற்கு மருந்து செய்ய வேண்டும்.

எந்த மரம்?

மழையிலும் வெயிலிலும் கிடக்கப் போகும் மரம் வைரம் உள்ளதாக இருக்க வேண்டும். தேக்கு, பாலை, முதிரை ஆகியவற்றின் வைரப்பகுதி நீண்ட காலம் நிற்கும். வெள்ளைப்பகுதி எந்த மரத்திலும் நில்லாது. றப்பர் மரப் பலகை விலை குறைவு. வெளியே போட்டால் விரைவில் உளுத்துவிடும். தென்னையில் முற்றிய மரத்தின் வெளிச்சுற்று வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும். அதுவும் மருந்தேற்றாமல் மழையில் கிடந்தால் சில வருடங்களே வரும்.

புதுமரம் வாங்க மரக்காலைகளும் அரச மரக் கூட்டுத்தாபன விற்பனை நிலையங்களும் உண்டு. கையில் பணம் குறைவானோருக்கு இன்னும் இரு வழிகள் உள்ளன.

ஒன்று, உடைத்த வீட்டு மரம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகளை உடைத்து மாடிக் கட்டடங்கள் எழுப்புகிறார்கள். அங்கே கழற்றும் கைமரமும் நிலைமரமும் பல தடவை நல்ல வைரமாக இருக்கும். ஆணிகளை எல்லாம் பிடுங்கிய பின்னரே வாள் வையுங்கள். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். அதைச் சுரண்டும் தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே பெயின்ற் பூசிய மரத்தைத் தவிருங்கள்.

மற்றது, துறைமுகத்தில் சரக்கு இறக்கியபின் விற்கப்படும் பலற் தட்டுகள். நாடு விட்டு நாடு போகும் சரக்கு மரங்களுக்கு 2002இல் சர்வதேச விதி ஒன்று வந்தது. அதன்படி பலற்றில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை இருக்கும். அருகே 'எச்.ரி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம். 'எம்.பி.' என்று இருந்தால் மெதைல் புறோமைட் என்ற நச்சு வாயு செலுத்தியது. அதை எடுக்க வேண்டாம். எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கறை, மணம் உள்ளவற்றையும் விலக்குங்கள். பலற்றுகள் பெரும்பாலும் மென்மரம். மூன்று நான்கு வருடம் வந்தால் போதும் என்போருக்கே அவை ஏற்றவை.

ஊரிலிருந்து மரம் கொண்டுவர எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. மரம் ஏற்றி வருவதற்கும் அனுமதிப்பத்திரம் தேவை. சொந்த வளவு மரம்தானே என்று ஏற்றிவிட்டு வழியிலே பறிகொடுக்க வேண்டாம்.

அளவும் கணக்கும்

8 அடிக்கு 12 அடி தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதை ஒரே தளமாகச் செய்யாமல், 4 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட 12 தட்டுகளாகச் செய்ய வேண்டும். தேக்கில் செய்த ஒரு தட்டு ஏறத்தாழ 15 கிலோ, பாலை போன்ற பாரமரத்தில் ஏறத்தாழ 25 கிலோ வரும். இரண்டு பெண்கள் தூக்கிச் சுவரில் சாத்தலாம்.

ஒரு தட்டுக்கு:

நாலரை அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம் கொண்ட மேற்பலகை, 4 அடி நீளத்தில் 5.
2 அங்குலத்துக்கு 2 அங்குல அடிச்சட்டம், 2 அடிக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் 4.
2 அங்குலத் திருகாணி 40.
2 அங்குலச் சதுர றப்பர்த் துண்டு 8.

பன்னிரண்டு தட்டுக்கும் மேற்பலகை 240 அடி, அடிச்சட்டம் 96 அடி. வெட்டுச் சேதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 264 அடியும் 106 அடியும் ஆகும்; எல்லாமாக ஏறத்தாழ 11 கன அடி மரம். திருகாணி 480. இக்கணக்கை எழுதிக்கொண்டு மரக்காலைக்குப் போனால் ஒருவரும் உங்களுக்குக் கூட்டி விற்க முடியாது.

திருகாணி நாகம் பூசியதாக இருக்க வேண்டும். வெள்ளவத்தையில் கடற்காற்று உப்போடு வருவதால், இயன்றவர்கள் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணியை வாங்குவது நன்று. சாதாரண இரும்பாணி துருவேறி மரத்தையும் கறுப்பாக்கி அழித்துவிடும்.

செய்முறை

1. அடிச்சட்டங்கள் நீர் ஓடும் திசையிலேயே படுத்திருக்க வேண்டும். குறுக்கே கிடந்தால் ஒவ்வொன்றும் வரம்பு போல நீரை மறிக்கும். நமது கணக்கில் 2 அடிப் பக்கம் கானை நோக்கி இருக்க வேண்டும்.

2. நான்கு அடிச்சட்டங்களை, இரண்டு ஓரத்திலும் இரண்டு நடுவிலுமாக, ஏறத்தாழ 15 அங்குல இடைவெளியில் வையுங்கள். இதற்கு மேல் அகலித்தால் ஓர் அங்குலப் பலகை மிதிக்கும்போது வளையும்.

3. மரத்தின் வெட்டுமுகம் வைக்கோற் கற்றையின் நுனி போன்றது. அதன் வழியாகவே மரம் நீரைக் குடிக்கிறது. ஆகவே பொருத்துவதற்கு முன்னர் எல்லா வெட்டுமுகங்களுக்கும் மரப்பாதுகாப்பு மருந்து இரண்டு முறை பூசுங்கள்.

4. மேற்பலகைகளைக் கால் அங்குல இடைவெளியில் பொருத்துங்கள். பென்சில் ஒன்றை இடையே வைத்தால் அளவு சரியாக வரும். முதலில் துறப்பணத்தால் துளையிட்டு, பின்பு திருகாணி போட வேண்டும். துளையிடாவிட்டால் பலகை நுனி வெடிக்கும். ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு திருகாணி.

5. சட்டங்களின் இரு நுனியிலும் கீழே றப்பர்த் துண்டு வையுங்கள். தேய்ந்த செருப்பின் அடிப்பகுதியை வெட்டி எடுக்கலாம். அரை அங்குலம் உயர்ந்தாலே மரம் ஈரத்தில் கிடக்காது. நிலம் மேடுபள்ளமாக உள்ள இடத்தில் றப்பரை இரட்டிப்பாக்கித் தட்டு ஆடாமல் செய்யுங்கள். நிலத்தின் சாதாரண சரிவை முற்றாகச் சமப்படுத்தத் தேவையில்லை. அதே சரிவில் பலகையும் இருந்தால் மேலே விழும் நீரும் வழிந்துவிடும்.

6. றப்பர், சட்டம், பலகை எல்லாம் சேர்ந்த உயரம் மூன்றரை அங்குலம். தளத்தின் மேல்மட்டம் வாசற்படிக்கு ஆகக்குறைந்தது 3 அங்குலம் கீழே இருக்க வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். சுவரின் அடியில் காற்றுத் துளைகள் இருந்தால் அவற்றை மறைக்கக் கூடாது.

7. கான் வாயும் மான்ஹோலும் உள்ள இடத்தில் வரும் தட்டை மற்றத் தட்டுகளோடு எவ்வகையிலும் பிணைக்க வேண்டாம். அடைப்பு ஏற்பட்டால் அந்த ஒரு தட்டை மட்டும் தூக்கினால் போதும்.

ஊரில் வேலித் தடிக்குக் கழிவு எஞ்சின் ஒயில் பூசும் வழக்கம் உண்டு. பிள்ளைகள் தவழும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள். அதில் நச்சு உலோகங்கள் உண்டு, வழுக்கவும் செய்யும். ஆளிவிதை எண்ணெய் பூசலாம். ஆனால் பூசிய துணியைச் சுருட்டிப் போட வேண்டாம்; அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் ஊறவையுங்கள். பச்சை நிறமாக மருந்தேற்றிய மரத்தின் துண்டுகளை அடுப்பில் எரிக்கவும் கூடாது. அம்மருந்தில் ஆசனிக்கு இருக்கலாம். அது புகையிலும் சாம்பலிலும் வரும்.

வாரம் ஒருமுறை தூக்குங்கள்

தளம் போட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் பலகைக்குக் கீழே நுளம்பை வளர்ப்போம். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். கொழும்பு மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. டெங்கு நுளம்பு முட்டையிடுவதற்குப் பலகை இடுக்கால் விழுந்த போத்தல் மூடி, யோகட் கோப்பை, பொலித்தீன் பை ஆகியவற்றில் நிற்கும் நீரே போதும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை செல்லும். எனவே வாரம் ஒரு நாளைக் குறித்து, எல்லாத் தட்டுகளையும் தூக்கி, கீழே தும்புக்கட்டையால் தேய்த்துக் கழுவ வேண்டும். உலர்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக் கிடக்கும். தேய்ப்பது அதனாலேயே அவசியம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் வீட்டுச் சொந்தக்காரரை மட்டுமல்ல, குடியிருப்போரையும் பொறுப்பாளிகளாக்குகிறது.

வாரந்தோறும் தூக்கும் இடத்தில் எலியும் கூடு கட்டாது. வயல் செய்த நமக்கு எலிக்காய்ச்சலைப் பற்றி விளக்கத் தேவையில்லை. சோற்றுப் பருக்கையும் மீன் முள்ளும் இடுக்கில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையின் மேற்பக்கத்தையும் சவர்க்கார நீரால் தேய்த்துப் பாசியை நீக்குங்கள். பளபளக்கும் பெயின்ற் பூசினால் ஈரத்தில் வழுக்கும். தேக்கும் பாலையும் எதுவும் பூசாமல் விட்டால் நரைத்த நிறமாகும். அதனால் மரத்துக்குக் கேடில்லை.

வெள்ளம் வந்தால்

2016 மே மாதத்திலும் 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலிலும் களனி கங்கை பெருகிக் கொழும்பின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. தேக்குத் தட்டு நீரில் மிதக்கும். மிதந்து கதவை அடைக்கலாம், ஆளையும் அடிக்கலாம். தாழ்ந்த ஒழுங்கைகளில் இருப்போர் மழை எச்சரிக்கை கிடைத்ததும் தட்டுகளை எடுத்துச் சுவரோரம் நிறுத்திக் கயிற்றால் கட்டிவிடுங்கள். வெள்ளம் வடிந்தபின் நன்றாகக் கழுவி, வெயிலில் காயவிட்டுத் திரும்பப் போடலாம். துண்டு துண்டாகச் செய்ததன் பயன் இங்கேயும் தெரியும்.

கொஞ்சம் மண்ணும் இருக்கட்டும்

வெயில் படும் மூலையில் ஒரு தட்டை மட்டும் போடாமல் விடுங்கள். 4 அடிக்கு 2 அடி இடம் கிடைக்கும். அங்கே அடியில் துளையிட்ட பெட்டியிலோ உரப்பையிலோ மண்ணும் மக்கிய இலையும் நிரப்பி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, வல்லாரை வைக்கலாம். சாடியைப் பலகையின் மேல் வைக்க வேண்டாம். கீழே ஈரம் நின்று பலகை உளுக்கும். நீர் ஊற்றவும் களை பிடுங்கவும் அப்புவும் ஆச்சியும் வெளியே வருவார்கள். மண்ணில் கை வைத்தறியாத பேரப்பிள்ளைகள் அவர்களிடம் கேட்டுப் பழகுவார்கள்.

தனியே செய்யத் தயங்குவோர் இரண்டு மூன்று குடும்பமாகச் சேருங்கள். வாள், சீவுளி, துறப்பணம், மூலைமட்டம் ஆகியவற்றை ஒருமுறை வாங்கினால் எல்லோருக்கும் உதவும். முதல் தட்டைத் தச்சுவேலை தெரிந்தவர் ஒருவரோடு செய்யுங்கள். மற்றப் பதினொன்றையும் வீட்டு இளைஞர்களும் யுவதிகளுமே செய்துவிடலாம். ஒரு நாளைக்கு இரண்டு தட்டு என்றால் ஒரு வாரத்தில் தளம் முடியும்.

குழுவாகக் கலந்துரையாட:

1. நமது ஒழுங்கையில் எத்தனை வீட்டு முற்றங்களில் மழை நின்று அரை மணித்தியாலத்தின் பின்னும் நீர் தேங்குகிறது? அவற்றில் சரிவைத் திருத்த வேண்டியவை எவை?

2. ஈர நிலத்துக்குப் பயந்து வெளியே வராத முதியோர் யார் யார்? முதல் தளத்தை யாருடைய வீட்டில் போடலாம்?

3. ஆயுதங்களைப் பொதுவில் வாங்கி யாருடைய பொறுப்பில் வைப்பது?

4. தட்டுகளைத் தூக்கிக் கழுவும் நாளாக வாரத்தின் எந்த நாளை எல்லா வீட்டாரும் ஏற்கலாம்?